மாலைக்கு முன்பே ஒரு படம்

நம் வீடுகளில் ஒருவரின் புகைப்படம் பெரிதாக்கப்படுவது பெரும்பாலும் அவர் மறைந்த பிறகே. என் தந்தைக்கும் அவ்வாறே நேர்ந்தது. பதினாறாம் நாள் சடங்கிற்காக, ஒரு திருமணக் குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினோம். நல்ல படத்தைத் தேட அன்று எவருக்கும் மனமில்லை. மங்கலான அந்த முகத்தைப் பார்த்து, "இது அவர் மாதிரியே இல்லை" என்று என் தாயார் இன்றும் சொல்வார்.

முதியோர் மருத்துவத்தில் பணிபுரியும் நான், மாதக்கணக்கில் படுக்கையிலிருக்கும் நோயர் பலரைக் காண்கிறேன். அவர்கள் கண்முன் இருப்பவை மின்விசிறியும் வெற்றுச் சுவரும் மாத்திரைப் பெட்டியுமே. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று 1984-இல் ரோஜர் உல்ரிச் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அது சன்னலைப் பற்றிய ஆய்வு, புகைப்படம் மருந்தன்று. ஆயினும் நோயரின் கண்முன் என்ன இருக்கிறது என்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

ஆகவே, வீட்டார் எடுத்த படமொன்றைப் பெரிதாக்கி மாட்டுங்கள். உயிருடன் இருப்பவரின் முகத்தைத் தனியே மாட்டுவது அபசகுனம் என்று தயங்குவோர் உண்டு; நோயரே கலங்கவும் கூடும். அவ்வாறாயின் அவர் வளர்த்த முருங்கை, நடந்த வரப்பு, பேரக்குழந்தைகள் என எதுவும் ஆகலாம். தேர்வை அவரிடமே விடுங்கள்.

12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 12-க்கு 18 அங்குல அளவிற்குப் போதுமானது. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். எடுத்த கைபேசியிலுள்ள மூலப்படத்தையே அச்சிடக் கொடுங்கள். பளபளப்பான தாளும் கண்ணாடியும் ஒளியைப் பிரதிபலித்து, கண்புரை உள்ளவர்களுக்குக் கூச்சம் தரும். மேட் தாள் நன்று. படுத்திருப்பவரின் பார்வைக்கு நேராக மாட்டுங்கள். மறதிநோய் உள்ளவரிடம் "இது யார், சொல்லுங்கள்" என்று சோதிக்காதீர்கள். பெயரை நீங்களே சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.

என் தாயாரின் அறையில் இப்போது அவருடைய பேத்தி எடுத்த படம் இருக்கிறது. கிணற்றடியில் நின்று சிரிக்கிறார்; படம் சற்றே சாய்ந்திருக்கிறது. "எடுப்பதற்கு முன் சொல்லியிருந்தால் தலையை வாரியிருப்பேனே" என்று அன்றாடம் குறைபட்டுக்கொள்கிறார். அந்தக் குறையைக் கேட்கும் பேறு எங்களுக்கு வாய்த்திருக்கிறது.