முன்னறிவித்தல் என்னும் கடமை

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவோர், வேற்றூரிலிருந்து வரும் சேஸிஸின் அளவை நம்பியே இரும்பை வெட்டுகின்றனர். அவ்வளவு அறிவிப்பின்றி மாறுமாயின் உழைப்பெல்லாம் வீணாம். கட்டற்ற மென்பொருளிலும் நிலைமை அஃதே: மொழிக்கருவி சேஸிஸ், அதன்மேல் அமையும் நிரல் நூலகங்கள் பாடி.

'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியும், 'ஓப்பன்-தமிழ்' நூலகமும் பைத்தான்மீது எழுந்தவை. 2008இல் வெளிவந்த பைத்தான் 3, முந்தைய நிரல்கள் பலவற்றை ஏற்கவில்லை. ஆயினும் பைத்தான் 2-க்கு 2015 எனக் குறித்திருந்த கெடுவை, 2014இல், 2020 வரை நீட்டினர். இதுவே நேர்மை என்போம். உழைக்குங் கைகள் சிலவேயுள்ள தமிழ் முயற்சிகட்கு அவ்வவகாசமே உயிர்.

ஆதலின் நம் மாணவர், புதியன படைப்பதோடமையாது, புதுப்பதிப்பு வெளிவருமுன்னரே பழைய நிரல்களை அதில் ஓட்டிப் பார்த்துப் பிழையறிவிக்கும் பணியையும் மேற்கொள்வாராக. அதிற் புகழ் சிறிது, பயன் பெரிது.