மூன்றேகால் அங்குலம்

கட்டிங் மெஷினுக்குக் கீழே ஒரு சாக்கு கிடந்தது. என் புதிய சிறுகதைத் தொகுப்பின் மேலட்டையை மாதிரிக்காகப் பத்துத் தாள் அடித்திருந்தார்கள். வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய துண்டுகள் ஒவ்வொன்றாக அந்தச் சாக்கில் விழுந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை அடி நீளம் இருக்கும்; அகலம் நாலு விரலுக்கு மேல். 300 ஜி.எஸ்.எம். கெட்டி அட்டை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை.

“இதெல்லாம் எங்கண்ணா போகும்?”

“எடைக்குதான் மேடம்” என்றார் வெட்டுகிறவர், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் 300 தாள் ஓட வேண்டியிருந்தது. அதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, மிஞ்சும் துண்டில் புக்மார்க் போட முடியுமா என்று கேட்க டிசைன் செய்யும் தம்பியிடம் போய் உட்கார்ந்தேன். அவர் போட்ட கணக்கு இது. டிஜிட்டல் மெஷினில் ஓடும் தாள் 13-க்கு 19 அங்குலம். ஓரம் போக அச்சு விழுவது 12-க்கு 18. என் புத்தகம் டெமி அளவு. மேலட்டையில் இரு பக்கமும் உள்ளே மடியும் மும்மூன்று அங்குல மடிப்பு உண்டு. முதுகையும், வெட்டுக்காக விடும் இடத்தையும் சேர்த்தால் நீளம் பதினேழே முக்கால், உயரம் எட்டே முக்கால். ஆகவே ஒரு தாளில் ஒரு மேலட்டைதான் நிற்கும். பன்னிரண்டில் எட்டே முக்கால் போனால் மூன்றேகால் அங்குலம் மிச்சம். புக்மார்க்குக்கு இரண்டு அங்குல அகலம் தாராளம்.

“ஆறு இஞ்ச் நீளம் வெச்சா ரெண்டுதான்க்கா நிக்கும். கால் இஞ்ச் விட்டுக்குடுங்க, மூணு போட்டுடலாம்.”

விட்டுக்கொடுத்தேன். 300 தாளில் 900 புக்மார்க். அந்தத் தாளுக்கும் அச்சுக்கும் லேமினேஷனுக்கும் மேலட்டைக் கணக்கிலேயே பணம் கட்டியாயிற்று. கூடுதலாகக் கொடுத்தது வெட்டுக்கூலி மட்டும். மேலட்டை அடிக்கும் நாளில் எழுதுகிறவர்கள் ஒரு நடை அச்சகத்துக்குப் போய்வர வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எல்லா மேலட்டையிலும் இப்படி மிஞ்சாது. மடிப்பு இல்லாத அட்டை என்றால் ஒரு தாளில் இரண்டு நின்றுவிடும். ஆனால் கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

முதல் புத்தகத்துக்கு நான் கேட்கவில்லை. ஆஃப்செட்டில் தனியாக ஆயிரம் புக்மார்க் அடித்தேன். இரண்டு பக்கமும் பளபளக்கும் லேமினேஷன். முன்னால் புத்தகத்தின் மேலட்டை முழுவதும் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, பின்னால் என் புகைப்படம், மூன்று பேரின் பாராட்டு, விலை, தொலைபேசி எண். கட்டுப் பிரித்துப் பார்த்தபோது பாராட்டு வரிகளில் எழுத்துகள் கலைந்திருந்தன. ‘தோட்டம்’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. கைபேசிக்கு அனுப்பிய பி.டி.எஃப்.பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அச்சுக்கு முன் வெட்டுக்குறி போடுவதற்காக யாரோ மூலக் கோப்பை வேறொரு கணினியில் திறந்திருக்கிறார்கள். அதிலிருந்த மென்பொருளுக்குத் தமிழ் யூனிகோடு எழுத்தைச் சேர்த்துக் கோக்கத் தெரியவில்லை. மறுபடி அடித்தோம். அன்றிலிருந்து எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் “எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணியாச்சா?” என்று கேட்காமல் எழுந்து வருவதில்லை. கர்வ் செய்துவிட்டால் எழுத்து படமாகிவிடும். எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு தன் இடத்தைவிட்டு நகராது. காகிதத்தில் ஒரு பிரதி அடித்துக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் சம்மதம் சொல்கிறேன்.

அந்த ஆயிரத்தை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், புத்தகக் கண்காட்சி நடைபாதையில் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டினேன். வாங்காமல் போனவர்கள் சிலர்தான். மாலையில் திரும்பி நடந்தபோது தரை முழுக்க அவை கிடந்தன. என் கதைகளின் பெயர்மேல் செருப்புத் தடம். குனிந்து குனிந்து பொறுக்கினேன். மிதித்தவர்கள்மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. நான் கொடுத்தது நோட்டீஸ். நோட்டீஸுக்கு நடப்பதுதான் அதற்கும் நடந்தது. படிக்கிறவருக்குப் பயன்படும் எதுவும் அதில் இல்லை. பேனாவால் ஒரு வார்த்தை எழுதினால்கூட அந்த வழவழப்பில் மை நிற்காது.

இந்த முறை படிக்கிறவரின் கையை நினைத்துக்கொண்டு செய்தோம். டெமி புத்தகத்துக்கு நடுவே வைத்தால் மேலே தலைநீட்டுவது முக்கால் அங்குலம்தான். புத்தகத்தின் பெயர் அந்த முக்கால் அங்குலத்துக்குள் வந்துவிட்டது. மேலட்டை ஓவியத்தைச் சுருக்காமல், அதிலிருந்த கிணற்றுப் படிகளை மட்டும் நெட்டுவாக்கில் எடுத்துக்கொண்டோம். கீழே என் பெயர், பதிப்பகத்தின் பெயர். விலை இல்லை, புகைப்படம் இல்லை. அந்த அட்டை ஒரு பக்கம் மட்டும் வழவழப்பானது. மறுபக்கம் சாதாரணக் காகிதம் போலச் சொரசொரப்பாக இருக்கும். லேமினேஷனும் மேலட்டைக்குப் போட்ட மேட் லேமினேஷன், ஒரே பக்கம். பின்பக்கத்தைக் காலியாக விட்டேன். பென்சில், பந்துமுனைப் பேனா எதுவும் அதில் எழுதும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் அட்டை வளையும் என்று தம்பி எச்சரித்தார். வளையத்தான் செய்தது. ஐம்பது ஐம்பதாகக் காகிதப் பட்டை சுற்றி, இரண்டு அகராதிகளுக்கு அடியில் மூன்று நாள் வைத்தேன். ரப்பர் பேண்ட் போட்டால் ஓரம் நெளிந்துவிடும்.

வெளியீட்டு விழாவுக்கென்று ஐம்பதில் மட்டும் துளையிட்டு நூல் கட்டினோம். எங்கள் தெருவில் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் அம்மாதான் கட்டிக்கொடுத்தார். முடிச்சைத் தட்டையாகப் போடச் சொன்னேன். தடித்த முடிச்சு பக்கத்தில் பள்ளம் பதித்துவிடும். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்கு ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. அதே ஒடுங்கிய நீளம், அதே துளை, அதே நூல். சுவடிக் கயிற்றின் நுனியில் ஓலையை நறுக்கிக் கட்டுவார்கள். அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். துளையில் செருகும் குச்சிக்கு நாராசம். ஏடு கலையாமல் இருக்கச் செய்த காரியங்களுக்கெல்லாம் நம்மவர்கள் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் புக்மார்க் என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கிறோம். அதைச் செய்வதிலாவது அந்த அக்கறை இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடுக்கும் விதத்தையும் மாற்றினேன். நடைபாதையில் யாருக்கும் நீட்டவில்லை. கடையில் பில் போடும் இடத்தில், என் புத்தகம் என்றில்லை, யார் எந்தப் புத்தகம் வாங்கினாலும் உள்ளே ஒன்றை வைத்துக்கொடுக்கச் சொன்னேன். மீதியில் இருநூறை எங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் கொடுத்தேன். நூலகர் அவற்றைத் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் மேசைமேல் ஒரு பழைய பென்சில் டப்பாவில் நிறுத்தி வைத்தார்.

ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது டப்பா காலி. வாசிப்பு மேசையில் ஒரு பையன் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டி ஒன்றை விரித்துப் படித்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் கிணற்றுப் படி எட்டிப் பார்த்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் ஆண்டுகள், சட்டப் பிரிவுகளின் எண்கள், அடித்துத் திருத்திய பக்க எண்கள். ஒரு நகம் வைக்க இடமில்லை. முன்பக்கத்தில் இருந்த பெயர் என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

“இது ரொம்பிடுச்சுக்கா. இன்னும் ரெண்டு கிடைக்குமா?” என்றான்.

பையில் இருந்த கட்டைப் பிரித்தேன்.