டிராக்கோவிஷ் செய்த குற்றம் என்ன?

மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து நாங்கள் பேசாத பொருளே இல்லை. ஆயினும் இவ்வாண்டு எங்கள் வகுப்பை இரு கட்சிகளாகப் பிரித்து, ஆறிய சோற்றை உண்ண வைத்தது ஒரு விலங்கு. அதுவும் இவ்வுலகில் எக்காலத்திலும் வாழ்ந்திராத விலங்கு! அதன் பெயர் டிராக்கோவிஷ்.

பெற்றோரும் அருட்சகோதரிகளும் இப்பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். எனவே முதலில் அறிமுகம் செய்து வைக்கிறோம். போக்கிமான் என்பது 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த மின்னணு விளையாட்டு. விளையாடுபவர் பலவகைக் கற்பனை உயிர்களைத் தேடிப் பிடித்து வளர்க்க வேண்டும். மண்ணிலிருந்து கிடைக்கும் புதைபடிவங்களை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், என்றோ அழிந்துபோன உயிர் மீண்டும் எழுந்து வரும். முதல் விளையாட்டிலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. 2019-ஆம் ஆண்டு வெளிவந்த 'சுவோர்டு', 'ஷீல்டு' என்னும் இரட்டை விளையாட்டுகளில்தான் ஒரு விபரீதம் நேர்ந்தது.

இங்கிலாந்தை மனத்தில் கொண்டு வரையப்பட்ட அந்தக் கற்பனை நாட்டில் கிடைப்பவை நான்கு வகைப் புதைபடிவங்கள். எதுவும் முழு உயிரன்று. பறவைத் தலை ஒன்று, மீன் தலை ஒன்று, டைனோசர் போன்ற கீழுடல்கள் இரண்டு. காரா லிஸ் என்னும் ஆராய்ச்சியாளரிடம் ஒரு தலையையும் ஓர் உடலையும் கொடுத்தால் இரண்டையும் ஒட்டி உயிர் கொடுத்து விடுகிறார். எந்தத் தலை எந்த உடலுக்கு உரியது என்று அவர் பார்ப்பதே இல்லை. அவர் பெயரை விரைந்து சொல்லிப் பாருங்கள். 'கேர்லெஸ்' என்று ஒலிக்கும். கவனமற்றவர் என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

மீன் தலையை வலிய கால்களும் வாலும் உடைய உடலோடு ஒட்டினால் எழுவதே டிராக்கோவிஷ். விளையாட்டில் போக்கிடெக்ஸ் என்றொரு தகவலேடு உண்டு. ஒவ்வோர் உயிரின் இயல்பும் அதில் எழுதப்பட்டிருக்கும். டிராக்கோவிஷைப் பற்றி அது கூறுவதாவது: வலிய கால்களாலும் தாடைகளாலும் அது தன் காலத்தில் வேட்டை விலங்குகளுள் தலைசிறந்து விளங்கியது; தன் இரையை அளவின்றி வேட்டையாடித் தீர்த்ததால் தானே அழிந்தது. மற்றொரு குறிப்போ, அது மணிக்கு 40 மைலுக்கு மேல் ஓட வல்லது, ஆனால் நீருக்குள் அன்றி அதனால் மூச்சுவிட முடியாது என்கிறது.

இதைக் கேட்டதும் ஒரு கட்சியினர், "பேராசை பிடித்தது, அழிந்தது சரிதான்" என்றனர். மற்றவர்கள், "பாவம், மூச்சுவிட முடியாத உயிரைத் திட்டலாமா?" என்று கண் கலங்கினர். நாங்கள் இரு கட்சியையும் சேராதவர்கள். அந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் இயல்பு டிராக்கோவிஷின் இயல்பே அன்று என்பது எங்கள் கருத்து. காரணத்தைச் சொல்கிறோம், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

மீன் தலையும் அந்தக் கால்களும் ஒரே உடலில் சேர்ந்தது நேற்று, ஓர் ஆய்வுக்கூடத்தில். பண்டைக் காலத்தில் அப்படியோர் உயிர் ஓடவுமில்லை, வேட்டையாடவுமில்லை. பிறவாத ஒன்று இரையைத் தின்று தீர்த்தது எங்ஙனம்? இன்னொன்றும் பாருங்கள். அதே கால்களின்மேல் பறவைத் தலையை ஒட்டினால் டிராக்கோசோல்ட் என்னும் உயிர் எழுகிறது. அது தனக்கு உணவான தாவரங்களையெல்லாம் தின்று தீர்த்து அழிந்ததாம்! ஒரே கால்கள் ஓர் ஏட்டில் புலால் உண்ணியின் கால்கள். அடுத்த பக்கத்தில் இலை தின்னியின் கால்கள். இரண்டில் ஒன்றேனும் பொய்யாக வேண்டும் அன்றோ?

மற்ற இரு உயிர்களின் கதை இன்னும் பரிதாபமானது. ஆர்க்டோவிஷுக்கு மீன் தலையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். வாய் உச்சியில் இருப்பதால் பிடித்த இரையை உண்ண அது திண்டாடுகிறது. மூச்சுத் திணறலால் அது அழிந்தது என்று எழுதியிருக்கிறது ஏடு. ஆர்க்டோசோல்ட் மிக மெதுவாக நடந்ததால் அழிந்ததாம். தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள்! திணறலும் தள்ளாட்டமும் தவறாக ஒட்டியதனால் வந்தவை. இன்று நம் கை செய்த குறையையே அன்று அது மடிந்ததற்குக் காரணமாகக் காட்டுவது எவ்வளவு வசதியான நியாயம்!

"விளையாட்டுக்குப் போய் இவ்வளவு வாதமா?" என்று சிலர் சிரிக்கலாம். நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு நூலகத்தில் தேடியபோதுதான், இந்த விளையாட்டைப் படைத்தவர்கள் வெறுங்கற்பனையில் கை வைக்கவில்லை என்று தெரிந்தது.

இங்கிலாந்தில் கிடியன் மாண்டெல் என்ற மருத்துவர் சில பற்களைக் கொண்டு 1825-ஆம் ஆண்டு இகுவானோடான் என்னும் விலங்குக்குப் பெயரிட்டார். உடன் கிடைத்த கூரிய எலும்பை மூக்கின்மேல் கொம்பாக வைத்தார். 1854-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அமைத்த பெரிய சிலைகள், காண்டாமிருகம் போல் நான்கு கால்களும் மூக்குக் கொம்புமாக இன்றும் நிற்கின்றன. 1878-இல் பெல்ஜியம் நாட்டின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபின் அல்லவா உண்மை தெரிந்தது! அது கொம்பன்று, கட்டைவிரல் முள். ஆனால் அந்த எலும்புக்கூடுகளையும் கங்காரு போல் நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார்கள். அந்நிலையும் தவறு என்று பின்வந்தவர்கள் கண்டனர்.

அமெரிக்காவில் எட்வர்டு கோப் என்ற அறிஞர் 1868-இல் எலாஸ்மோசாரஸ் என்னும் கடல் ஊர்வனத்தை ஆராய்ந்து, அதன் தலையை வாலின் நுனியில் வைத்துவிட்டார்! ஜோசப் லெய்டி 1870-இல் பிழையை எடுத்துக்காட்ட, கோப் தம் கட்டுரையின் அச்சுப் பிரதிகளைத் திரும்பப் பெற அலைந்தாராம்.

எலும்பை இடம் மாற்றி வைத்தாலும் பிறகு சரி செய்யலாம். சுமத்திய பழியோ எளிதில் நீங்குவதில்லை. 1923-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் முட்டைக் குவியலின்மேல் கிடந்தது ஒரு டைனோசர். முட்டைகள் வேறு விலங்கினுடையவை என்று எண்ணிய ஹென்றி ஆஸ்பார்ன், மறு ஆண்டு அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடி, என்று பெயர் சூட்டினார். இப்பெயர் அதன் குணத்தைத் தவறாகக் காட்டிவிடக்கூடும் என்றும் அவரே எழுதினார். ஆனால் எச்சரிக்கையை மறந்த உலகம் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது. 1993-இல் அதே வகை முட்டை ஒன்று உள்ளே கருவோடு கிடைத்தது. அக்கரு ஓவிராப்டரின் இனத்தையே சேர்ந்தது! முன்கைகளை விரித்து முட்டைகளை அணைத்தபடி மடிந்த எலும்புக்கூடுகளும் பின்னர் வெளிப்பட்டன. திருட வந்ததென்று நாம் பழித்தது, தன் குஞ்சுகளை அடைகாத்த தாயோ தந்தையோ ஆக வேண்டும். எனினும் பெயரிடும் முறைப்படி முதற்பெயரே நிலைக்கும். இன்றும் அது திருடிதான்.

அறிஞர்களை ஏளனம் செய்ய இவற்றை எழுதவில்லை. கையில் நாலு எலும்பை வைத்துக்கொண்டு அறியாத உயிரை அறிய முயல்பவர் தவறத்தான் செய்வார். மாண்டெல் தவறியதால்தான் பின்வந்தவருக்குத் திருத்த ஒன்று இருந்தது. காரா லிஸ் தவறாக ஒட்டியதை நாங்கள் குறை கூறவில்லை. எழுந்து வந்த உயிர் மூச்சுத் திணறுவதைக் கண்ட பிறகும் "நாம் எங்கோ தவறினோமோ?" என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லையே, அதுதான் எங்கள் குறை.

எதிர்க்கட்சித் தோழியர் வலுவான வாதம் ஒன்றை வைத்தனர். டிராக்கோவிஷ் முந்திக்கொண்டு கடித்தால் அக்கடியின் வலிமை இருமடங்காகும். ஆட்டக்காரர்கள் அதனை விரும்பிச் சேர்க்கிறார்கள். ஆகவே ஒட்டியது நன்மையே என்றனர். நன்மை யாருக்கு? ஆட்டக்காரருக்கு! நமக்குப் பயன்படுவதாலேயே ஓர் உயிர் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடுமா?

இவ்வளவு பேசும் நாங்கள் யோக்கியமா? இல்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இவ்வாண்டு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு கோழியின் எலும்புகளை வேகவைத்து, சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, பசையால் ஒட்டி முழு எலும்புக்கூடு செய்தோம். முடிவில் கவட்டை போன்ற சிறிய எலும்பு ஒன்று மிஞ்சியது. எங்கே வைப்பது? மணியோ மாலை ஐந்து. அதைத் தலையின் உச்சியில் ஒட்டி, "கொண்டையைத் தாங்கும் எலும்பு" என்று அழகிய எழுத்தில் அட்டை எழுதி வைத்தோம். இரண்டாம் பரிசும் கிடைத்தது.

கண்காட்சியைக் காண வந்த ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, கோழிக் கொண்டையில எலும்பு இருக்குமா?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, "ஆமாம், இருக்கும்" என்று உறுதியாகச் சொன்னோம். அவள் குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுள் ஒருத்தியின் வீட்டில் இந்தக் கதையைக் கேட்ட அம்மா சிரித்துவிட்டார். "கொண்டையில் ஏதடி எலும்பு? தொட்டுப் பார்த்ததே இல்லையா? அது வெறும் தோலும் சதையும்" என்றார். திங்களன்று படத்தை வைத்துப் பார்த்தோம். அது நெஞ்சின் முன்புறம் இருக்கவேண்டிய எலும்பு. பறவை சிறகடிக்கும்போது வில்போல் வளைந்து கொடுப்பது. ஓவிராப்டருக்கும் அதே எலும்பு உண்டு. அதையும் முதலில் வேறோர் எலும்பாகத்தான் கருதினார்களாம். எங்களுக்கு அது ஓர் ஆறுதல்.

அறிவியல் சிஸ்டரிடம் நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னோம். "பரிசு உழைப்புக்குக் கொடுத்தது, வைத்துக்கொள்ளுங்கள், அட்டையை மட்டும் மாற்றி எழுதுங்கள்" என்றார். எலும்பை இடம் மாற்றி ஒட்டினோம், அட்டையையும் மாற்றினோம். ஆனால் அந்தத் தங்கையின் குறிப்பேடு? அவள் எந்தப் பிரிவு என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பு வாசலுக்கு இருமுறை போனோம். வெட்கம் தடுக்கத் திரும்பிவிட்டோம். காரா லிஸ் எங்களைவிட எந்த விதத்தில் தாழ்ந்தவர், சொல்லுங்கள்!

உண்மை உலகில் டைனோசரை உயிர்ப்பிக்கப் போவதில்லை. 2022-இல் வெளியான ஆய்வின்படி இதுவரை மீட்கப்பட்ட மிகப் பழைய மரபணுப் பொருளின் வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள். டைனோசர்கள் மறைந்தோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் அருங்காட்சியகத்தில் எலும்பைக் கோத்து நிறுத்தும் ஒவ்வொருவரும், அட்டையில் ஒரு வரி எழுதும் ஒவ்வொருவரும், சொல்லால் ஓர் உயிரை எழுப்பத்தான் செய்கிறார்கள். எழுப்பிய உயிருக்கு நாம் கடன்பட்டவர்கள். ஒட்டிய டிராக்கோவிஷை இனிப் பிரிக்க வழியில்லை. எனில் அதற்கு வேண்டுவது நீர். ஆர்க்டோவிஷுக்கு வேண்டுவது ஊட்டிவிட ஒரு கை. அதன் குறையை அதன் குணமென்று எழுதாதிருப்பது நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவி.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது: டிராக்கோவிஷ் குற்றமற்றது. போக்கிடெக்ஸின் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். பிறரைத் திருத்தச் சொல்பவர் தம் பக்கத்தை முதலில் திருத்த வேண்டும் அன்றோ?

ஆறாம் வகுப்பில் படிக்கும் அன்புத் தங்கையே, உன் பெயர் எங்களுக்குத் தெரியாது. நீ கேட்டது நல்ல கேள்வி. கோழிக் கொண்டையில் எலும்பு இல்லை. அன்று நாங்கள் சொன்னதை அடித்துவிட்டு, இதை எழுதிக்கொள்.

பத்தாம் வகுப்பு மாணவியர்