கையெழுத்துச் சான்று

ஊத்துக்குளி என்றவுடன் வெண்ணெயும் நெய்யும் நினைவுக்கு வரும். அவ்வூர் நெய் வணிகர் ஒருவரிடம் ஒருவன் வந்து ஒரு கடன் பத்திரத்தை நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். “இஃது உம் தந்தையார் இட்ட கையொப்பம், பணத்தைத் தாரும்” என்கிறான் அவன். “இஃது அவர் கையெழுத்து அன்று” என்கிறார் இவர். தந்தையாரோ இறந்துவிட்டார். வீடும் தோட்டமும் அந்த ஒரு வரியைப் பற்றி நிற்கின்றன. யாரை நம்புவது?

இத்தகைய வழக்கு நமக்குப் புதியது அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இதனை ஒத்த வழக்கு ஒன்று உண்டு. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர் ஒருவர், சுந்தரர் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதித் தந்த ஓலை உண்டு என்றும் வழக்காடினார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலையே என்றும், மூல ஓலையை அவையில் காட்டுவதாகவும் கூறினார். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் செய்ததை ஊன்றி நோக்குங்கள். மூல ஓலையைப் படிக்கச் செய்தனர். சாட்சிகளாகக் கையொப்பமிட்டோர் அது தம் எழுத்தே என ஒப்பினர். அதன் பின்னரே, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்புநோக்கினர். வந்தவர் இறைவனே என்பது புராணம். அவையோ இறைவனிடமும் சான்று கேட்டது!

இன்றைய வல்லுநரும் அவ்வழியே செல்கின்றனர். எழுத்தின் சாய்வு, இடைவெளி, பேனா அழுந்திய இடம், எடுத்த இடம் ஆகியவற்றை உருப்பெருக்கியால் ஆராய்கின்றனர். ஒரு விந்தை கேளுங்கள். ஒருவரே இடும் இரு கையொப்பங்கள் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருப்பதில்லை. மயிரிழையும் பிசகாமல் ஒத்திருந்தால், ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வரைந்தனரோ என்ற ஐயமே எழும். பொய்க் கையொப்பமிடுவோன் எழுதுவதில்லை, வரைகிறான். ஆகவே கோடு தயங்கும், நடுங்கும். ஆனால், முதுமையால் நடுங்கும் கையும் உண்டன்றோ? அதனால்தான் ஒப்பிடுவதற்கு அக்காலத்தில் அவர் எழுதிய எழுத்துகள் பல வேண்டும்; ஒன்றிரண்டு போதா.

வல்லுநரும் வழுவுவர். 1894-இல் பிரான்சு நாட்டில் டிரைபஸ் என்னும் படை அதிகாரி, நாட்டின் மறைபொருளைப் பகைவர்க்கு விற்றார் என்று குற்றம் சாட்டப்பட்டார். ஒரு கடிதத்தின் எழுத்தே பெருஞ்சான்றாயிற்று. எழுத்தை ஆராய்ந்தோர் கருத்தில் ஒன்றுபடவில்லை. பெர்த்தியோன் என்பவரோ, எழுத்து வேறுபடும் இடங்களிலும் டிரைபஸ் வேண்டுமென்றே மாற்றி எழுதினார் என்று வாதிட்டார். ஒத்தாலும் குற்றம், ஒவ்வாவிடினும் குற்றம்! உண்மையில் அதனை எழுதியவர் எஸ்டர்ஹேசி என்னும் வேறோர் அதிகாரி. 1906-இல்தான் டிரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், வல்லுநர் கூற்றைக் கருத்து என்றே கொண்டது. நீதிமன்றம் தானே எழுத்துகளை ஒப்புநோக்கவும் இடமளித்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இவை உள்ளன. வல்லுநர் கருத்துக்குத் துணைச்சான்று இருந்தே தீரவேண்டும் என்னும் விதி இல்லை என்றும், எனினும் எச்சரிக்கையுடன் காரணங்களை ஆராய்ந்தே அதனை ஏற்கவேண்டும் என்றும் 1980-இல் முராரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

என் கருத்து இன்னும் சற்றுக் கடுமையானது. ஊத்துக்குளிப் பத்திரத்திற்கு முதலில் சாட்சிகளைக் கேட்கவேண்டும். பணம் கைமாறியதற்குக் கணக்கு உண்டா என்று பார்க்கவேண்டும். உருப்பெருக்கியைப் பின்னர் எடுக்கலாம். சாட்சிகளும் இறந்திருந்தால்? அப்போதும் பத்திரக்காரர் கொணரும் ஓர் எழுத்தோடு மட்டும் ஒப்பிடலாகாது. தந்தையார் அவ்வாண்டில் வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் இட்ட கையொப்பங்களையெல்லாம் வருவிக்கவேண்டும்.