டிரில்லிங் மிஷின்: பெல்ட் மாத்தறதா, நாபைத் திருகறதா?

பொட்டி தட்டுற பயலுக்கு டிரில்லிங் மிஷினைப் பத்தி என்னடா தெரியும்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான் மக்களே. ஆனா நம்மளை இஞ்சினியரிங் படிக்க வெச்சதே கோயமுத்தூர் கணபதியில இருக்கிற அப்பாவோட லேத் பட்டறைதாங்க.

அங்க இருக்கிற பில்லர் டிரில்லுக்கு வயசாயிடுச்சு. புதுசு நான் வாங்கித் தர்றேன்னு சொன்னேன். நாபைத் திருகினா வேகம் மாறுற வேரியபிள் ஸ்பீடுதான் என் ஓட்டு. காரணம் இருக்கு. அப்பாவோட இடது ஆள்காட்டி விரல் நுனி கோணலா இருக்கும். நான் ஏழாவது படிக்கும்போது, ஒரு அவசர ஆர்டர். புல்லி முழுசா நிக்கிறதுக்குள்ள பெல்ட்டை அடுத்த படிக்குத் தள்ளப் போய், விரல் மாட்டிக்கிச்சு. நாப் இருந்தா இந்த வம்பே இல்லையே?

அப்பா ஒத்துக்கல. "ஏங்கண்ணு, வண்டி மேடு ஏறும்போது கியரை மாத்துவியா, ஆக்ஸிலேட்டரை மட்டும் குறைப்பியா?"

அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன். சாதா இரும்புல, ஹெச்எஸ்எஸ் பிட்டுக்கு வெட்டுற வேகம் நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு வெச்சா, 3 மி.மீ. ஓட்டைக்குச் சுமார் 2650 ஆர்பிஎம் வேணும். 20 மி.மீ. ஓட்டைக்கு 400 போதும். ஆனா பெரிய பிட்டைத் திருப்ப முறுக்கு விசை, அதான் டார்க், நிறைய வேணும்.

1440ல ஓடுற 1 ஹெச்பி மோட்டாரை எடுத்துக்குவோம். பெல்ட்டை மாத்தி ஸ்பிண்டிலை 360க்கு இறக்கினா, விசை கிட்டத்தட்ட 4 மடங்காகுது. அதே மோட்டாரை எலக்ட்ரானிக் டிரைவ் வெச்சு 360க்கு இறக்கினா, விசை ஏறாது. பவர்தான் கால்வாசி ஆகுது. போதாக்குறைக்கு மோட்டாரோட விசிறியும் மெதுவா சுத்தறதால சூடு வேற.

கணக்கை நம்பாம, பக்கத்துப் பட்டறையில இருந்த நாப் மிஷின்ல சோதிச்சுப் பார்த்தேன். 20 மி.மீ. பிட், 10 மி.மீ. பிளேட், நாப் 360ல. உர்ருன்னு ஒரு சத்தம், மிஷின் நின்னே போச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல. சிரிச்சார், அவ்ளோதான் :-)

நாப் தண்டம்னு சொல்ல வரல. மரம், அக்ரிலிக், சின்னச் சின்ன ஓட்டைன்னா அது சொகுசுதான். பெல்ட் மாத்தச் சோம்பல்பட்டு எல்லா ஓட்டையும் ஒரே வேகத்துல போட்டு பிட்டைக் கருக்குறவங்களும் உண்டு (லீவுல பட்டறைக்குப் போனா நானே அப்படித்தான்). ஓடும்போதே லிவரைத் திருப்பி புல்லியோட அகலத்தை மாத்துற வகையும் இருக்கு. அதுல விசையும் சேர்ந்தே ஏறும். ஆனா தேயுற பாகங்கள் அதிகம், விலையும் அதிகம்.

அதனால என் கட்சி மாறியாச்சு. இரும்புல பெரிய ஓட்டை போடறவங்களுக்கு பெல்ட்தான். நாப் மிஷின் வாங்கறதா இருந்தா, எவ்ளோ வேகம் குறையும்னு கேக்காதீங்க. குறைஞ்ச வேகத்துல எவ்ளோ பெரிய பிட் இழுக்கும்னு கேளுங்க.

விரல் கதை? மூடி திறந்திருந்தா மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாத மாதிரி ஸ்விட்ச் வெச்ச பெல்ட் மிஷினா பார்த்து வாங்கியிருக்கு. அதோட, பிளக்கைப் புடுங்கி, புல்லி நின்னப்புறம்தான் மூடியைத் தொடணும்னு அப்பாகிட்ட சத்தியமும் வாங்கியாச்சு.

"சரிங்க ஆபீசர்"னார்.