சங்கச் சின்னக் குவளைகள்
லண்டனின் லாம்பெத், டோல்டன் மண்கலங்களுக்குப் பேர்போனது. ஆனால் ஃப்ரீமேசன் சங்கச் சின்னமிட்ட பழைய பீங்கான் கூஜாக்களிலும் குவளைகளிலும் பல வடக்கே லிவர்பூல், சண்டர்லாந்தில் உருவானவை. செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து, கலத்தின்மேல் அழுத்திச் சுடுவார்கள். ஒரே தகடு பல கலங்களுக்கு உதவியதால் எளியவர் வீட்டுக்கும் அவை எட்டின. சண்டர்லாந்துக் கலங்களின் இளஞ்சிவப்பு மினுமினுப்பு தங்கக் கலவையால் வந்தது. 1796இல் திறந்த வியர் ஆற்று இரும்புப் பாலம் ஒருபுறமும், ஃப்ரீமேசன் சின்னமான மூலைமட்டமும் கவராயமும் மறுபுறமுமாக வந்த கூஜாக்கள் அங்கே உண்டு. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆட்ஃபெலோஸ் சங்கத்தின் சின்னமான, உள்ளங்கையில் ஏந்திய இதயம் இத்தகைய சங்கச் சின்னங்களில் மிக உயர்ந்தது: நோயுற்ற உறுப்பினருக்கு உதவித்தொகை, இறந்தவருக்கு ஈமச்செலவு என்ற உறுதி அதன் பின்னே இருந்தது. மத்திய லண்டனில் கிரேட் குயின் தெரு ஃப்ரீமேசன் அருங்காட்சியகம் இத்தகைய கலங்களைப் பாதுகாக்கிறது.