பந்தும் போச்சு, மூணு வருசமும் போச்சு!

"உயிரா, பந்தா?"ன்னு கேட்டு வாயை அடைக்கிற மகராசங்களே! கொரோனா எகிறிக்கிட்டிருந்த 2020 செப்டம்பர்லயே ஐபிஎல்லை அமீரகத்துக்குத் தூக்கிட்டுப் போய் நடத்தினாங்க. நவம்பர்ல ஐஎஸ்எல் கால்பந்து, கோவாவுல, காலி கேலரி முன்னாடி. கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி மட்டும் 2020 மார்ச்சுக்கு அப்புறம் 2022 ஏப்ரல்லதான் நடந்துச்சு.

சென்னை அணி 2020ல சொதப்பிட்டு 2021ல கோப்பையே வாங்கிருச்சு. போடிமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துல கூலி வேலை பாக்கிறவங்க வீட்டுப் பையன் காலேஜ்ல பந்தாடுறது மூணே வருசம். வேடிக்கை பாக்கிற நமக்கு ஒரு சீசன் போச்சு. அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் காட்ட வேண்டிய சர்டிபிகேட்டே போச்சு. அமெரிக்காவுல காலேஜ் வீரர்களை ஒரு வருசம் கூடுதலா ஆட விட்டாங்க. இங்கே டிசியைக் கையில குடுத்து அனுப்பிட்டோம்.

மைதானத்தைப் பூட்டுனது தப்பில்லை மக்கா. அவன் தொலைச்ச வருசத்தை யாரும் கணக்குலயே வைக்கலை பாருங்க, அதான் அநியாயம்!